மாடிக்காரரும் மஞ்சள் கறையும்

மே 7, 2024, செவ்வாய்

காலை பத்து மணிக்குச் சைரன். மாதத்தின் முதல் செவ்வாய் என்றால் சூறாவளிச் சைரனை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். தெரிந்தும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். பளீரென்று வெயில். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கடிதம் இன்னும் வரவில்லை.

மே 11, சனி

நேற்று ராத்திரி வானம் முழுக்கத் துருவ ஒளியாம், பச்சையும் ரோஸுமாக. அலாஸ்கா போய்ப் பார்க்கிற சமாச்சாரம் சிகாகோ பக்கத்து இந்த லைல் ஊருக்கே வந்திருக்கிறது, நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம். வாட்ஸப் குழுவில் பக்கத்து ஊர் நேப்பர்வில்காரர்கள் ஆளுக்குப் பத்துப் படம் போட்டிருக்கிறார்கள். மாடிக்காரர் கட்டாயம் பார்த்திருப்பார். மூன்று மணிக்கு அவர் தூங்கி நான் அறியேன். படுக்கையறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து திரும்பப் படுக்கையறை. குதிகாலை ஊன்றி நடக்கிற ஆள். முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

மே 16, வியாழன்

அடுப்புக்கு இடது பக்கம், வெள்ளை மேடையில் மஞ்சள் கறை. ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். எப்போது விழுந்தது என்று தெரியாது. பேக்கிங் சோடா குழைத்து அப்பினேன். எலுமிச்சை தேய்த்தேன். கடையில் விற்கிற வெள்ளை ஸ்பாஞ்ச் போட்டு அழுத்தியதில் மேடையின் பளபளப்பு போனது, கறை அப்படியே இருக்கிறது. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. துணி என்றால் கொடியில் போட்டு எடுத்துவிடலாம். மேடையைப் பெயர்த்துக் கொடியில் போட முடியுமா? இந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. டேபிள் லாம்ப்பை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் இவர் சிரிக்கிறார்.

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? குடிவந்த அன்று கொடுத்த படிவத்தில் குளியலறைக் கதவுக் கீறல், ஃபிரிட்ஜ் கைப்பிடி ஆடுவது, கார்ப்பெட்டில் இஸ்திரிப் பெட்டித் தடம் எல்லாம் எழுதினோம். மேடைக்கு நேரே ‘நன்றாக இருக்கிறது’ என்று டிக். எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துதான். டெபாசிட்டில் பிடிக்கத்தான் பிடிப்பார்கள். இல்லினாய்ச் சட்டப்படி ஐந்து வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில், சேதத்துக்குப் பிடித்தால் 30 நாளுக்குள் இன்னின்னதற்கு இவ்வளவு என்று கணக்கு எழுதித் தர வேண்டும். பிடித்தம் இல்லையென்றால் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். இதையெல்லாம் படித்து முடிக்க மணி ஒன்று. மேலே அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

மே 21, செவ்வாய்

வந்துவிட்டன. கார் நிறுத்துமிடத்து மேப்பிள் மரத்தடி முழுக்கப் பழுப்புக் கூடுகள். ஒன்றை மட்டும் நின்று பார்த்தேன். முதுகு பிளந்து, வெள்ளைவெளேரென்று தலைகீழாகத் தொங்கி, சுருட்டி வைத்த இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தது. கண் மட்டும் ரத்தச் சிவப்பு. 2007-ல் மண்ணுக்குள் போன சில்வண்டுகள். எட்டு அங்குல ஆழத்தில் மண்ணின் சூடு 64 டிகிரி ஃபாரன்ஹீட் ஆனதும் கிளம்புமாம். மரத்தை வெட்டி மண்ணைப் புரட்டிக் கட்டிய புதுக் குடியிருப்புப் பக்கம் ஒன்றுகூட இல்லை. இங்கே மட்டும் பதினேழு வருடம் ஒரே இடத்தில், வாடகை இல்லாமல்.

மே 25, சனி

கதவிடுக்கில் கடிதம். வாடகை இப்போது 1,685 டாலர். பன்னிரண்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 1,790. மாதாமாதம் என்றால் 2,140. ஒப்பந்தம் முடிகிற ஆகஸ்ட் 31-க்கு அறுபது நாள் முன்னால், அதாவது ஜூலை 2-க்குள் சொல்லிவிட வேண்டும். இவருக்கு ப்ராஜெக்ட் நீட்டிப்பு பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

மே 26, ஞாயிறு

அம்மா ஃபோனில், “ஏத்துனா நீ கேக்க மாட்டியா? பேசிக் குறைக்கச் சொல்லுடி” என்கிறாள். யாரிடம் பேசுவது? எந்த ஊராட்சியும் வாடகைக்கு வரம்பு வைக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் 1997-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். குடியிருப்பு அலுவலகத்துப் பெண் ரொம்ப இனிமையாகப் பேசுவாள். அந்தத் தொகை கம்ப்யூட்டர் சொல்வதாம்.

ஜூன் 4, செவ்வாய்

சைரன். சில்வண்டு இரைச்சலில் பாதிதான் கேட்டது.

ஜூன் 8, சனி

மார்ட்டன் ஆர்போரீட்டம் போனோம். 1922-ல் இதை உண்டாக்கிய ஜாய் மார்ட்டன் உப்புக் கம்பெனிக்காரர். நம் சமையலறையில் இருக்கிற அந்த நீல உப்பு டப்பாதான். உப்பு விற்ற காசில் இத்தனை மரம். ஓக் மரங்களுக்கு அடியில் இரைச்சலில் இவர் பேசியது எதுவும் விழவில்லை. மேனேஜரைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பக் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

மாடியில் சத்தமே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜூன் 15, சனி

நடக்கிறார்.

ஜூன் 26, புதன்

எங்கே பார்த்தாலும் செத்த வண்டு நாற்றம், மீன் மார்க்கெட் மாதிரி. தபால் நிலையத்துக்கு நடந்தே போகலாம் என்று கிளம்பினேன். நடைபாதை பாதியில் புல்லில் போய் முடிந்துவிட்டது. அதற்கு மேல் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஊர். திரும்பி வந்து துணி துவைத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மெஷினுக்குப் போடுகிற குவார்ட்டர், அதாவது கால் டாலர் காசு, தீரப் போகிறது. வெள்ளிக்கிழமை பேங்கில் ஒரு உருளை வாங்க வேண்டும், பத்து டாலருக்கு நாற்பது.

கறை வெளுத்திருப்பது போலத் தெரிகிறது. லாம்ப்பா, என் கண்ணா?

ஜூலை 2, செவ்வாய்

இவர் ரயிலிலிருந்தே ஃபோன் செய்தார். “மாதாமாதம்னு எழுதிக் கொடுத்துடு. வேற வழியில்ல.” சைரன் ஓய்ந்த கையோடு போய்க் கொடுத்தேன். அந்தப் பெண் மிட்டாய்த் தட்டை நீட்டினாள். மாதம் 455 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறவளுக்கு ஒரு மிட்டாய். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 4, வியாழன்

பட்டாசு. நம் ஊர் சரவெடி மாதிரி வராது.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று ராத்திரி சோதனை இல்லை, நிஜம். இரண்டு ஃபோனும் ஒரே நேரத்தில் அலறின. பாஸ்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு கீழே லாண்ட்ரி ரூமுக்கு ஓடினோம். கட்டடமே அங்கேதான் இருந்தது, பைஜாமாவில். குழந்தை ஒன்று டிரையருக்குள் தலையை விட்டுப் பார்த்தது. யாரோ பிஸ்கட் பாக்கெட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். நான் எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால் குதிகாலை அப்படி ஊன்றும்? எல்லாம் சாதுவான கால்கள். மேலே வந்து படுத்த பிறகும் காற்று விடவில்லை. அதற்கு நடுவில் டொக், டொக். ஆள் இறங்கவே இல்லை.

மேப்பிளில் ஒரு பெரிய கிளை முறிந்து எங்கள் கார் மேல் விழாமல் பக்கத்துக் கார் மேல் விழுந்திருக்கிறது. பாவம்தான். ஆனாலும்.

ஜூலை 18, வியாழன்

நீட்டிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆகஸ்ட் வரை! பதினாறு நாள் முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மேனேஜர் மனுஷன்? இவருக்கு ஒரே சந்தோஷம், பாயசம் வை என்கிறார். சேமியா இல்லை.

அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். 1,790 முடிந்துவிட்டதாம், இப்போது கம்ப்யூட்டர் 1,865 காட்டுகிறதாம். ஜூலை 2-ல் காட்டியது ஜூலை 18-ல் எப்படி மாறும் என்று கேட்டால், “தினமும் மாறும்” என்கிறாள். தக்காளி விலையா இது? காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். பழைய கடிதம், நான் எழுதிக் கொடுத்ததன் நகல் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று பாயிண்ட் பாயிண்டாக எழுதிக்கொள்ளச் சொல்கிறார் இவர். முதல் பாயிண்ட்: