கப்பல் வர எத்தனை நாள்?

பிப்ரவரி 11

முழுமைத் தற்காப்பு தினத்துக்காக மகனுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை: 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் ஏன் விழுந்தது? 300 சொற்கள். "பீரங்கியெல்லாம் கடலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம்மா" என்று ஆரம்பித்தான். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் பெரும்பாலானவை நிலப்பக்கமும் திரும்பின. அவற்றுக்கு இருந்த குண்டுகள்தான் பெரும்பாலும் கப்பலைத் துளைப்பதற்காகச் செய்தவை. அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து, "பீரங்கி கெடக்கட்டும்டா. வர்றேன்னு சொன்ன கப்பல் வந்துச்சான்னு எழுது" என்றார்.

பிப்ரவரி 12

நூலகத்திலிருந்து இரண்டு தடித்த புத்தகங்கள். பிரிட்டிஷ்காரர்களின் ஏற்பாடு இதுதான்: சிங்கப்பூரில் தளம் இருக்கும், கப்பற்படை இங்கிலாந்தில் இருக்கும், ஆபத்து வந்தால் கிளம்பி வரும். ஆஸ்திரேலியாவும் தன் பாதுகாப்புக்கு இதைத்தான் நம்பியிருந்தது. கப்பற்படை வந்து சேரும்வரை இங்கிருப்பவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்? முதலில் 42 நாள் என்றார்கள். பிறகு 70. 1939இல் 90. அதே ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180. நாள் ஏற ஏறக் கப்பல் தூரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடன் வாங்கியவன் தவணை சொல்கிற மாதிரி.

கடைசியில் 1941 டிசம்பர் 2ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களும் சில நாசகாரிக் கப்பல்களும் வந்தன. மேலே பாதுகாக்க விமானம் இல்லை. 10ஆம் தேதி அந்த இரண்டும் மலாயாவின் குவாந்தான் அருகே கடலுக்கடியில்.

பிப்ரவரி 14

செம்பவாங் பூங்காவுக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். 1938இல் இதே தேதியில்தான் இந்தப் பக்கத்துக் கடற்படைத் தளத்தைத் திறந்தார்கள். என் தாத்தா அங்கே கூலி. அவர் போரைப் பற்றிப் பேசமாட்டாராம், கப்பல் பழுதுபார்க்கும் மிதக்கும் துறையைப் பற்றித்தான் பேசுவாராம். 1928இல் இங்கிலாந்திலிருந்து கடல்வழியே இழுத்துவந்த அதை, ஜப்பானியர் நீரிணையைத் தாண்டுவதற்கு முன்பே பிரிட்டிஷ்காரர்களே மூழ்கடித்துவிட்டு, தளத்தையும் காலி செய்தார்கள். "எதிரி சுட்டிருந்தா மனசு ஆறியிருக்கும்னு சொல்வாரு" என்றார் அப்பா. எதிரே ஜொகூர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

பிப்ரவரி 15

மாலை 6.20க்கு, 1942இல் இதே நாளில் சிங்கப்பூர் சரணடைந்ததை நினைவூட்டும் சங்கொலி. அப்பா டிவியை நிறுத்தச் சொன்னார்.

மகன் பினாங்கு பகுதியைப் படித்துக்காட்டினான். 1941 டிசம்பர் 11இல் குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் ஐரோப்பியர்களைச் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள், ஊர்க்காரர்கள் கரையிலேயே. கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கொடியை ஏற்றியவர்களுக்கு அதை இறக்கவும் நேரமில்லை போலிருக்கிறது.

1942 ஜனவரி 23இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் சர்ச்சிலுக்குத் தந்தி அடித்தார்: இவ்வளவு உறுதிமொழிக்குப் பிறகு சிங்கப்பூரைக் கைவிட்டால் அது மன்னிக்க முடியாத துரோகமாகக் கருதப்படும். அதற்குப் பிறகும் படையினரை இறக்கினார்கள். பிரிட்டனின் 18ஆவது டிவிஷன் வந்து சேர்ந்த வேகத்தில் சிறைக்குப் போனது.

பிப்ரவரி 17

தேக்காவில் மளிகை வாங்கிவிட்டு ஃபேரர் பார்க் வழியாக நடந்தேன். 1942இல் இதே நாளில் இந்தத் திடலில்தான் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை வரிசையாக நிற்கவைத்து, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களைத் துரோகி என்று அப்புறம் விசாரித்தார்கள். யார் யாரை முதலில் விட்டுப்போனது என்று அங்கே யாராவது கேட்டார்களா?

இரவு அப்பா 1968 ஜனவரியைச் சொன்னார். அப்போது அவருக்கு 23 வயது, தளத்தில் வேலை. 1971க்குள் பிரிட்டிஷ் படை போய்விடும் என்று லண்டனில் அறிவித்தார்கள். "இந்தத் தடவை தேதி சொல்லிட்டுப் போனான்" என்று சிரித்தார்.

பிப்ரவரி 18

கட்டுரை 340 சொல் வந்துவிட்டது. பினாங்கை எடுத்துவிடலாமா என்று கேட்டான். அப்பா முறைத்தார். பீரங்கியை எடுத்தான்.