3 கிலோமீட்டர் சிக்னலும் குறுக்கே நின்ற தென்னையும்

எங்கள் தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். வீட்டிலிருந்து நேர்கோட்டில் 3 கிலோமீட்டர். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கவே அப்பா ராத்திரியில் வண்டி எடுப்பார். அதற்காகத்தான் இரண்டு லோரா ரேடியோ வாங்கினேன்; குறைந்த சக்தியில் சின்னச் செய்திகளை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ அது. சக்தி குறைவாக இருக்கும்வரை, அது பயன்படுத்தும் 865 மெகாஹெர்ட்ஸுக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை.

வெட்டவெளியில் போகப்போக சிக்னல் எவ்வளவு குறையும் என்ற இழப்புக்கான சூத்திரம் சின்னதுதான். கிலோமீட்டரில் தூரம், மெகாஹெர்ட்ஸில் அலைவரிசை. இரண்டுக்கும் லாக் எடுத்து 20-ஆல் பெருக்கிக் கூட்டி, 32.44 சேர்க்க வேண்டும். நான் முதலில் 0.865 என்று கிகாஹெர்ட்ஸில் போட்டுவிட்டேன். இழப்பு 40.7 டெசிபல்தான் என்று வந்தது. ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு; 60 டெசிபல் பிசகு என்றால் 10 லட்சம் மடங்கு! திருத்திப் போட்டதும் 100.7. அனுப்பும் சக்தி 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு), இரு பக்க ஆன்டெனாவும் கூட்டித் தருவது 2 வீதம் 4 டெசிபல். ஆக, வந்து சேர வேண்டியது −82.7 டிபிஎம். நான் வைத்திருந்த அமைப்பில் ரேடியோ சுமார் −123 வரை பலவீனமான சிக்னலையும் பிடிக்கும். 40 டெசிபல் கையிருப்பு என்று குஷியாகிவிட்டேன்.

மாட்டிப் பார்த்தால் −112. நாலு செய்தி அனுப்பினால் ஒன்று காணாமல் போனது.

அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சூத்திரம் குறுக்கே எதுவும் இல்லாத வெளிக்கு. நம் அலையோ தரையை ஒட்டிப் போகிறது. நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வீட்டில் 8 மீட்டர், தோப்பில் 3 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், ஏறக்குறைய 870 மீட்டரைத் தாண்டியதும் தூரம் இரட்டிக்கும்போது 6 அல்ல, 12 டெசிபல் போகும். அந்தக் கணக்கில் இழப்பு 111.5, சிக்னல் −93.5. மிச்சம் 18 டெசிபலைத் தின்றது தென்னைதான் என்று நினைக்கிறேன். பாதி வழியில் இந்த அலைக்கு நேர்கோட்டைச் சுற்றி 16 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் பத்து மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். எங்களுக்கு நடுவழியெல்லாம் மட்டையும் குலையும்தான்.

சக்தியைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னார், "அந்தக் காலத்துல டிவிக்கே இருபதடிக் குழாய் நட்டோம், கண்ணு."

சூத்திரமும் அதையேதான் சொல்கிறது. தோப்புக் கம்பத்தை 3-லிருந்து 6 மீட்டராக்கினால் 6 டெசிபல். வீட்டு ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி மேல் 12 மீட்டருக்கு ஏற்றினால் இன்னொரு மூன்றரை. ரேடியோவைக் கீழே வைத்து ஆன்டெனா வரை நீளமாக ஒயர் இழுத்தால் கிடைத்ததில் பாதியை அதுவே விழுங்கிவிடும் என்று, ரேடியோவையே டப்பாவில் போட்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டினேன்.

இப்போது −101. ஒரு வாரமாக ஒரு செய்தியும் தவறவில்லை. அப்பா மட்டும் இன்னமும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.