துருவ இரவில் நாய்ச் சறுக்குவண்டி

நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிக்காத நார்வேயின் டிரொம்சோ நகருக்கு வெளியே, நண்பகலின் நீல வெளிச்சத்தில், வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால், 6 அலாஸ்கன் ஹஸ்கி நாய்கள் இழுத்த சறுக்குவண்டியை நானே ஓட்டினேன். ஓட்டினேன் என்பது சற்று மிகைதான். முன்வண்டியின் தடத்தை நாய்கள் தாமாகவே பின்தொடர, பிரேக்கை மிதிப்பதும் மேட்டில் இறங்கித் தள்ளுவதும் மட்டுமே என் வேலை. அடர்ந்த ரோமமும் நீலக் கண்களும் கொண்ட சைபீரியன் ஹஸ்கிகளை எதிர்பார்த்துப் போனவனுக்கு, ஓட்டத்துக்காகவே கலந்து வளர்க்கப்பட்ட இந்த ஒல்லி நாய்கள் முதலில் ஏமாற்றமாகவே இருந்தன. புறப்படும்வரை காது கிழியக் குரைத்தவை, பனியில் ஊன்றியிருந்த கொக்கியைப் பிடுங்கியதும் அடங்கிவிட்டன. இடப்பக்க நாய் ஓடியபடியே ஓரத்துப் பனியை வாயால் அள்ளி விழுங்கியது. அதை வேடிக்கை பார்த்த நேரத்தில் வளைவில் வண்டி கவிழ்ந்தது. வழிகாட்டி எச்சரித்திருந்தபடி, விழுந்தும் கைப்பிடியை நான் விடவில்லை.