தரையில் நிற்கலாம்

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் முதல் வகுப்பில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். எஞ்சின் ஓடுகிறது, பார்க்கிங் பிரேக்கை எடுத்தாயிற்று, விமானம் மெல்ல உருளத் தொடங்குகிறது. இடது பக்கம் திரும்பச் சொன்னதும் மாணவர் யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்டியரிங்கை, இடது பக்கம் ஒடிப்பார். விமானம் நேராகவே போகும். இன்னும் ஒடிப்பார். கார் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இதை விடுவது லேசில்லை. "இடது கையை மடியில் வையுங்கள், வலது கை எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் இருக்கட்டும், ஓட்டுவது காலால்" என்று சொல்லிக் கொஞ்ச தூரம் அப்படியே போக விடுவேன்.

காலுக்குப் பழகியதும் அடுத்த சிக்கல் வரும். திரும்புவதற்குக் காலால் மிதிக்கும் ரடர் பெடலின் மேல் பகுதிதான் பிரேக். குதிகால் தரையில் இல்லாவிட்டால், திருப்புவதற்கு மிதிக்கும்போதே பாதம் மேலே ஏறி பிரேக்கையும் அழுத்திவிடும். மாணவருக்கு அது தெரியாது. விமானம் மந்தமாகப் போகிறதே என்று த்ராட்டிலைக் கூட்டுவார். நான் அவர் காலைப் பார்ப்பதில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்பேன். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கால் பிரேக்கில்தான் இருக்கிறது. இப்படியே ஓட்டினால் பிரேக் சூடேறி, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகலாம். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் பெடலை மட்டும் மிதித்தால் முன்சக்கரம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி திரும்பும். அந்தப் பக்கத்து பிரேக்கையும் சேர்த்தால் 30 டிகிரி வரை போகும். நெருக்கமான திருப்பத்துக்கு மட்டும்தான் அந்த பிரேக் வேண்டும். மற்ற நேரத்தில் த்ராட்டிலைக் குறைத்தாலே போதும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் யோக்குக்கு வேலை இங்கேதான்: காற்று இறக்கையைத் தூக்கிவிடாமல் பார்ப்பது. முன்னாலிருந்து பக்கவாட்டில் அடித்தால் யோக்கைக் காற்றின் பக்கம் திருப்பு. பின்னாலிருந்து பக்கவாட்டில் அடித்தால் எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னால் தள்ளு. இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்ட சிறு விமானத்துக்கு இரண்டாவது வகைக் காற்றுதான் மோசமானது. பின்னிருந்து இறக்கையைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும்.

இதையெல்லாம் எவரும் சில வகுப்புகளில் கற்றுக்கொள்கிறார்கள். நிற்பதுதான் வருவதில்லை. மேலே போய்விட்டால் யோசிக்க நிற்க முடியாது, தரையில் முடியும். ஆனாலும் மாணவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. உருண்டுகொண்டே செக்லிஸ்ட் படிப்பார்கள், உருண்டுகொண்டே மடியில் வரைபடத்தை விரிப்பார்கள், உருண்டுகொண்டே ரேடியோ அலைவரிசையை மாற்றுவார்கள். தலை குனிந்திருக்கும் அந்த ஐந்தாறு விநாடியில், வேகமாக நடக்கும் ஆளின் வேகத்தில் போனாலும், விமானம் தன் நீளத்தை விட அதிக தூரம் போய்விடும். என் காக்பிட்டில் சக்கரம் உருளும் நேரமெல்லாம் கண் வெளியேதான் இருக்க வேண்டும். படிக்க வேண்டுமா? நிறுத்து, அப்புறம் படி.

இரண்டு விமானங்களுக்கு நடுவே இறக்கை போகுமா போகாதா என்ற சந்தேகத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் 11 மீட்டர் நீளும் இறக்கையை இருக்கையில் உட்கார்ந்தபடி அளக்க முடியாது. எஞ்சினை அணைத்து, இறங்கிப் பார்த்து, கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கை நுனியைச் சீர்செய்ய ஆகும் செலவைக் கேட்டால் வெட்கம் தானாகப் போய்விடும்.

தரை விபத்து என்றதும் எல்லோரும் 1977-இல் ரன்வேயில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதிக்கொண்ட டெனெரிஃபைச் சொல்வார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது மிலானின் லினாட்டே விமான நிலையத்தை. 2001 அக்டோபர் 8, அடர்ந்த மூடுபனி. ஒரு சிறிய சைட்டேஷன் ஜெட் ஆர்5 டாக்ஸிவேயில் (விமானங்கள் தரையில் உருண்டு போகும் பாதை) போக வேண்டியது, ஆர்6-இல் போய்விட்டது. வழியில் விமானி எஸ்4 என்ற குறியைக் குறிப்பிட்டுத் தன் இடத்தைச் சொன்னார். அப்படி ஒரு குறி இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. தரை ரேடாரும் இயங்கவில்லை. இருவரும் வெவ்வேறு இடத்தை மனதில் வைத்துக்கொண்டே பேசினார்கள். ஜெட் ரன்வேக்குள் நுழைந்தது, மேலெழும்பிக்கொண்டிருந்த எம்டி-87 பயணிகள் விமானம் அதில் மோதியது. 118 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் மஞ்சள் கோடுகள் விஷயத்தில் நான் கண்டிப்பு. ரன்வேக்கு முன் இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடு. முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் கட்டுப்பாட்டு டவரின் அனுமதி இல்லாமல் மூக்கு கூடத் தாண்டக்கூடாது. கோட்டுக்கு முன் நிற்கச் சொன்னால் "ரோஜர்" என்று மட்டும் சொல்வது போதாது. ரன்வே எண்ணோடு, நம் அழைப்புக்குறியோடு திருப்பிச் சொல்ல வேண்டும். நிற்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: தரையிறங்கிய பின் ரன்வேயிலோ பாதிக் கோட்டிலோ நின்று யோசிக்கக்கூடாது. வால் வரைக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவது, செக்லிஸ்ட் எல்லாம்.

ஒரு முறை பழக்கமில்லாத பெரிய விமான நிலையத்தில் இறங்கியிருந்தோம். மூன்று டாக்ஸிவேக்கள் கூடும் இடத்தில் மாணவர் பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு பெரிய விமானம் காத்திருந்தது. டவர் கொஞ்சம் கடுப்பாகவே "ஏன் நின்றீர்கள்?" என்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

"வழி உறுதியாகத் தெரியவில்லை, ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லுங்கள்" என்றார். டவரும் சொன்னது.

எஞ்சினை அணைத்ததும் "சாரி சார், எல்லாரையும் காக்க வைத்துவிட்டேன்" என்றார். அவர் அன்றைய தரையிறக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் பயிற்சிக் குறிப்பில் முதல் வரியாக அந்த நிறுத்தத்தைத்தான் எழுதினேன். தனியாகப் பறக்க அனுப்பத் தகுதியானவர் என்று மனதில் முடிவானதும் அன்றைக்குத்தான். தரையிறக்கத்துக்கு இன்னும் சில வகுப்புகள் வைத்துக்கொண்டோம்.