டெஸ்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது

திருகோணமலை, கோணேசபுரி கெம்பஸில் இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, செலீனியம் படிச்சா டெஸ்டர் வேலை எடுக்கலாமா?" டெஸ்டர் என்றால் மென்பொருளில் பிழை தேடுபவர், செலீனியம் இணையத்தளங்களைத் தானாகச் சோதிக்கும் கருவி. நான் உப்புவெளியில் வீட்டில் இருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு க்யூஏ (மென்பொருள் தரச்சோதனை) வேலை பார்க்கிறேன். புது ஆட்களை எடுக்கும்போது இன்டர்வியூவிலும் என்னை உட்கார வைப்பார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லோருக்குமாக இந்தப் பதிவு.

செலீனியம் படியுங்கள், தப்பில்லை. வேலை விளம்பரங்களில் போஸ்ட்மேன், ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவிகள், பிழைகளைப் பதிந்துவைக்கும் ஜிரா, தரவுத்தளத்தில் தேடும் மொழியான எஸ்கியூஎல் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றில் எஸ்கியூஎல்லை மட்டும் கட்டாயம் என்பேன். திரையில் "பதிவு வெற்றி" என்று வந்தாலும் தரவுத்தளத்தில் உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று நீங்களே போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும். மிச்சத்தை வேலைக்கு வந்த பிறகும் பழகலாம்.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு படிவத்தில் இலங்கை அடையாள அட்டை இலக்கம் நிரப்பும் கட்டம். அதை எப்படிச் சோதிப்பீர்கள்?

சரியான இலக்கம் போடுவேன், பிழையான இலக்கம் போடுவேன், வெறுமையாக விடுவேன். முக்கால்வாசிப் பேர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். தங்கள் பர்ஸில் இருக்கும் அட்டையை யோசித்துப் பார்ப்பவர்கள் மேலே போவார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். இரண்டையும் கட்டம் ஏற்குமா? வி எழுத்தைச் சிறிய எழுத்தாக அடித்தால்? நடுவில் இடைவெளியோடு ஒட்டினால்?

இன்னும் உள்ளே போகலாம். முதலில் வரும் பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைச் சொல்கின்றன. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே 001 முதல் 366 வரை ஆண்கள், 501 முதல் 866 வரை பெண்கள். இப்போது 000, 367, 500, 867 ஆகியவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது அல்லவா? பாடத்தில் 'எல்லை மதிப்பு' என்று படிப்பது இதைத்தான். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே இந்த இலக்கம் போடப்படுவதால், 2001 மார்ச் 1இல் பிறந்தவருக்கு 060 இல்லை, 061. மென்பொருளை எழுதும் டெவலப்பர் சாதாரண நாட்காட்டிக் கணக்கில் எழுதியிருந்தால், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1இலும் அதற்குப் பிறகும் பிறந்த அத்தனை பேருக்கும் பிறந்த திகதி ஒரு நாள் பிசகும்.

இவ்வளவையும் யாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. "அக்கா, இந்த நடு இலக்கங்களுக்கு அர்த்தம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாலே என் பேப்பரில் ஒரு சரி விழும். ஒரு பிள்ளை கேட்டது: "பழைய இலக்கத்தில் பதிஞ்ச ஆள் புது அட்டையோட திரும்ப வந்தா ரெண்டு கணக்கு வருமா?" அவரை எடுத்தோம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே ஒரு பலம் இருக்கிறது. அப்பாவின் பெயரை முன்னால் எழுதுகிறோம். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டு, கடைசியில் "அன்புள்ள கந்தசாமி" என்று அப்பாவுக்கு மின்னஞ்சல் அனுப்பும். இந்த எரிச்சலைப் பட்டவருக்குத்தான் அதைச் சோதிக்கத் தோன்றும். எஸ்எம்எஸ் இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழிலோ சிங்களத்திலோ 70தான். அதிலும் 'கொ' இரண்டாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் ஒன்றாகப் போகும் செய்தி தமிழில் மூன்றாகி, பில் ஏறும். மும்மொழி ஆப் செய்யும் கம்பனிக்கு இது காசு விஷயம். ஆனால் இன்டர்வியூவில் பிள்ளைகள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஆங்கிலம் தடக்குமோ என்ற பயம். தடக்கட்டும், எங்களுக்கு விளங்கும்.

அடுத்தது எழுத்து. பேச்சைவிட இதற்குத்தான் நான் அதிகம் மதிப்பெண் போடுவேன். நிலாவெளியில் அறை பதிவுசெய்யும் ஆப் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். "பேமென்ட் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதினால் டெவலப்பர் தன் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு வேலை செய்யுதே" என்று மூடிவிடுவார். "ஆண்ட்ராய்டு 13, ஆப் தமிழில். அட்டை விபரம் கொடுத்து, ஓடிபி திரை வந்ததும் பின்னால் போகும் (பேக்) பொத்தானை அழுத்தினால் பணம் கழிகிறது, அறை பதிவாகவில்லை. ஐந்து தடவையில் மூன்று தடவை வருகிறது. ஆங்கிலத்தில் வைத்தால் வரவில்லை." இப்படி எழுதினால் எங்கே தேடுவது என்று அவருக்கே பாதி தெரிந்துவிடும். நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன, மறுபடி வரவைப்பது எப்படி. அலங்காரம் எதுவும் தேவையில்லை.

டெவலப்பர் பத்து வருட அனுபவக்காரராக இருப்பார். அவரிடம் போய் "அண்ணா, இது பிழை" என்று சொல்லி, அவர் சிரித்து மழுப்பினாலும் கோபப்படாமல், விடாமல் நிற்க வேண்டும். மூத்தவர்களை எதிர்த்துக் கதைக்காமல் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு எஸ்கியூஎல்லைவிட இது கஷ்டம். ஆதாரம் கையில் இருந்தால் குரலை உயர்த்தத் தேவையில்லை. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஜிராவில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

டெஸ்டர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபி அடிப்படைப் பரீட்சை பற்றியும் கேட்கிறார்கள். 40 கேள்வி, 26 சரியாக வந்தால் பாஸ். 60 நிமிடம், தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு 75. காசு இருந்தால் செய்யுங்கள், சிவி முதல் வடிகட்டலில் தப்ப உதவும். கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா? முதல் ஒன்றிரண்டு வருடம் போங்கள் என்பதே என் கருத்து. டெவலப்பருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பழகுவதை ஸூம் தராது. பிறகு 49ஆம் இலக்க பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்து செய்யலாம், ஃபைபர் இணைப்பும் யூபிஎஸ்ஸும் இருந்தால்.

அனுபவம் இல்லை, சிவியில் என்ன போடுவது என்பவர்களுக்கு: உங்கள் ஃபோனில் இருக்கிற ஆப்களில் ஒன்றை எடுத்து, தமிழுக்கு மாற்றி, ஒரு மணி நேரம் நோண்டுங்கள். கண்டதை மேலே சொன்ன மாதிரி இரண்டு பக் ரிப்போர்ட்டாக (பிழை அறிக்கை) எழுதி சிவியோடு இணையுங்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான். அடுத்தவர் கணக்குக்குள் மட்டும் நுழைந்து பார்க்க வேண்டாம், அது வேறு கேஸ் ஆகிவிடும்.