சம்பளச் சீட்டில் ஒரு வரி

"தம்பி, இந்த பிஎஃப்னு பிடிக்கிறாங்களே, அது யாருக்குப் போகுது?"

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா இன்று காலை கேட்டார். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்துபோன சம்பளச் சீட்டு. 1,440 என்ற எண்ணுக்குக் கீழே மட்டும் பேனாவால் இரண்டு கோடு.

சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி.

"அது உங்க பணம்தான்க்கா. கம்பெனியும் அதே அளவு போடணும்" என்றேன்.

நம்பவில்லை. சரி என்று அவர் போனிலேயே பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தோம். அவர் பங்கு 1,440. கம்பெனி பங்கில் 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், ஓய்வூதியத்துக்கு. மீதி 440 அவர் கணக்குக்கே.

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இரண்டு பக்கமும் பணம் கட்டணும். அவரிடம் 0.75 சதவீதம், 90 ரூபாய். கம்பெனி தரவேண்டியது 3.25 சதவீதம், 390.

ஆனால் அந்தச் சீட்டில் பிடித்தம் மட்டும்தான் இருக்கிறது. கம்பெனி பங்கு எங்கேயும் இல்லை. பக்கத்தில் இன்னொரு வரி அச்சிட்டால் என்ன? பணம் சேர்வது தெரியாமலே ஐந்து வருடம் ஒருவர் வேலை பார்த்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

மொத்தத் தொகையை அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் மெதுவாக, "பொண்ணுகிட்டயும் ஒருதடவ காட்டணும், எப்படித் திறக்கிறதுன்னு எழுதிக் கொடு" என்றார்.