புதனா, வியாழனா: இருபது நொடிக்காக மூன்று வாரம்

ஒருவழியாக அந்த இடம் சரியாகிவிட்டது. எங்கள் உலக வரலாற்றுப் பாட்காஸ்டின் ஏழாவது பகுதி மூன்று வாரமாக அங்கேயேதான் நின்றிருந்தது. நேற்று மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைக் கண்ணை மூடச் சொல்லி அதைப் போட்டேன். முடிந்ததும் ஒரு பெண், "டீச்சர், அவங்க யாருமே தப்பா எண்ணல. ஆனாலும் ஒரு நாள் குறையுது, அதானே?" என்றாள். இந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இத்தனை நாள் மல்லுக்கட்டினோம்.

பகுதி மகெல்லன் பயணம் பற்றியது. 1519 செப்டம்பர் 20 அன்று ஸ்பெயினின் சான்லூகரிலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. 1522 செப்டம்பர் 6 அன்று விக்டோரியா மட்டும் திரும்பியது. ஐரோப்பியர் 18 பேர், ஒரு கிராம்புச் சரக்கு, தலைமையில் எல்கானோ. மகெல்லன் 1521 ஏப்ரல் 27 அன்றே மாக்டான் தீவில் கொல்லப்பட்டிருந்தார். இந்தக் கதையெல்லாம் இரண்டே அமர்வில் பதிவாகிவிட்டது. கதை தானாக ஓடும், குரலுக்கு வேலை குறைவு.

சிக்கல் ஊருக்குத் திரும்பும் வழியில் காத்திருந்தது. 1522 ஜூலையில் சாப்பாட்டுக்காகக் கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்குகிறார்கள். கரைக்குப் போகிறவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொல்கிறார்கள். வியாழன் என்று பதில் வருகிறது. கப்பலிலோ புதன். பயணம் முழுக்க நாள் தவறாமல் குறிப்பு எழுதிய பிகாஃபெட்டா திகைத்துப்போகிறார். அவர் நோயில் படுத்ததே இல்லை, ஒரு நாளையும் விட்டதில்லை. பிறகுதான் காரணம் தெரிகிறது: மேற்கு நோக்கியே போய் உலகத்தைச் சுற்றி வந்ததில் அவர்கள் கணக்கில் ஒரு நாள் குறைந்துவிட்டது.

வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். உலக உருண்டையும் டார்ச்சும் இருக்கின்றன. பாட்காஸ்டில் கரும்பலகை கிடையாது, வரைபடம் கிடையாது, கையை ஆட்டிக் காட்டவும் வழியில்லை.

முதலில் புவியியல் சார் சொன்னபடி தீர்க்கரேகையில் 15 பாகைக்கு ஒரு மணி நேரம், 360 பாகைக்கு 24 மணி நேரம் என்று பேசிப் பதிவு செய்தோம். கணக்கில் பிழையே இல்லை. ஆசிரியர் அறையில் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களில் இருவர், கப்பலில் யாரோ ஒரு நாளை எண்ண மறந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்கள். நாங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்!

அடுத்து நொடிக்கணக்கு. பயணம் ஏறத்தாழ 1,080 நாள். 24 மணி நேரத்தை அத்தனை நாளுக்கும் பங்கிட்டால் நாளுக்கு 80 நொடி வரும். சூரியன் போகும் திசையிலேயே போவதால், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை அவர்களுக்குச் சராசரியாக 80 நொடி கூடுதல். "சராசரி என்ற சொல்லை விட்டுடாதீங்க டீச்சர்" என்று சார் பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னது நியாயம்தான். 1520இல் தென் அமெரிக்கக் கரையில், சான் ஹுலியானில் குளிர்காலம் முழுக்க நங்கூரமிட்டுக் கிடந்தார்கள். நின்ற இடத்தில் நாள் நீளாது. இந்த 80 நொடி எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் கேட்டவர்கள் தலையாட்டினார்களே தவிர, நாள் எங்கே போனது என்று திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் காதுக்கு எண்ணிக்கையைவிடத் தாளம் சீக்கிரம் பிடிபடும் என்று தோன்றியது. கரைக்கு ஒரு மணியோசை, கப்பலுக்கு ஒன்று. ஒரு தட்டு, ஒரு நண்பகல். முதலில் கரையை இடது காதிலும் கப்பலை வலது காதிலும் வைத்தேன். ஹெட்போனில் பிரமாதம். பிள்ளைகளோ ஒரே போனை நடுவில் வைத்து மூன்று பேர் கேட்கிறார்கள். அந்த ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. சரி, ஒன்றைக் கீச்சாகவும் மற்றதைக் கனமாகவும் மாற்றினேன். இப்போது ஒலியின் வால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் வாலை வெட்டினால் மணி மணியாகவே ஒலிக்கவில்லை.

கடைசியில் கை கொடுத்தது வகுப்பறை டஸ்டர். அதன் மரப்பக்கத்தால் மேசை விளிம்பைத் தட்டிப் பதிவு செய்தேன். குட்டையான, காய்ந்த சத்தம். கரைக்கு மணி, கப்பலுக்கு மரம். இனி குழப்பமே இல்லை. மணியோசைக்கு 2 நொடி இடைவெளி, மரத்துக்கு 2.22 நொடி. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் முதல் தட்டு கிளம்பும் நாள், அதை எண்ணக்கூடாது. அங்கிருந்து மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. இருபதாவது நொடியில் இரண்டும் மறுபடி சேர்ந்து விழுகின்றன. அதற்குள் மணி பத்து முறை, மரம் ஒன்பது முறை. எண்ணத் தவறியவர் யாரும் இல்லை, ஒன்று குறைகிறது.

இதில் எதிர்பாராத வெகுமதி ஒன்றும் கிடைத்தது. பத்தாவது நொடியில், சரியாகப் பாதி வழியில், மணியோசை இரண்டு மரத்தட்டுகளுக்கு நட்டநடுவே விழுகிறது. அதாவது கரையில் நண்பகல், கப்பலில் நள்ளிரவு. உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள்! நாங்கள் திட்டமிட்டு வைத்ததில்லை, கணக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இருவரும் சத்தம் போட்டே சிரித்துவிட்டோம். அந்த இடத்தில் மட்டும் "இப்போது அவர்களுக்கு நடு இரவு" என்று மெதுவாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மணியோசை ஃப்ரீசவுண்ட் தளத்திலிருந்து எடுத்தது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறுபடும், இறக்குவதற்கு முன் படித்துவிடுங்கள். பிகாஃபெட்டா குறிப்புகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. உரையாடல் எழுதும் முன் மூலத்தைப் படித்தது எவ்வளவு நல்லது என்று இந்த முறை நன்றாகவே உணர்ந்தேன். அந்தக் காலத்து ஸ்பானியக் கப்பல்களில் சிறுவர்கள் அரைமணி நேர மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்து நேரம் காத்தார்கள். எங்கள் தட்டொலி விளக்கத்துக்கு மட்டுமே, கப்பலில் கேட்டது அல்ல என்பதைப் பகுதியிலேயே சொல்லிவிட்டோம்.

இதன் ருசியில் அடுத்த பகுதியே மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. பசிபிக் தீவு நாடான சமோவா 2011இல் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கு இல்லாமல் போனது. 29 முடிந்ததும் 31. 1582இல் ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளில் அக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15. ஒன்று கோட்டைத் தாண்டியதால், இன்னொன்று நாட்காட்டியைத் திருத்தியதால். இரண்டையும் ஒரே பகுதியில் வைத்தால் குழப்பம் வரும் என்கிறார் சார். வராதபடி செய்யலாம் என்று நினைக்கிறேன். மகெல்லனின் மொழிபெயர்ப்பாளராக வந்த அடிமை என்ரிக்கே தனியாக ஒரு பகுதிக்குத் தகுதியானவர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் அவர் பேசிய மலாய் மொழி அங்குள்ளவர்களுக்குப் புரிந்த அந்தக் கணத்தை எட்டு நிமிடத்துக்குள் அடக்க மனமில்லை.

அதற்கு முன் இந்தப் பகுதியின் கடைசி எட்டு நிமிடம் பாக்கி. 18 பேர் கரையிறங்கும் காட்சியைச் சார் படிக்க வேண்டும், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மின்விசிறியை அணைத்து, பின்னால் போர்வையைக் கட்டி, திங்கள் மாலை மறுபடி உட்காருகிறோம். டஸ்டர் இப்போதைக்கு என் பைக்குள்தான் இருக்கிறது.